துக்கம் வந்த வருஷத்தின் கடைசியில் உறவுகளுக்கு ஒரு கடிதம்: கணவன் மனைவி சேர்ந்து எழுதும் முறை

நானும் வீட்டுக்காரரும் ஒன்பது வருஷமாக டிசம்பர் மாதத்தில் உறவுகள் எல்லோருக்கும் ஒரே கடிதம் எழுதி அனுப்புகிறோம். அந்த வருஷம் யாரை இழந்தோம், எங்கே போய் வந்தோம், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு பக்கம். இதைப் பார்த்துவிட்டு ஈரோடு மாவட்டத்தில் கோபியிலும் நம்பியூர்ப் பக்கமும் ஏழெட்டுத் தம்பதிகள் எங்களோடு உட்கார்ந்து எழுதிப் பழகினார்கள். அவர்கள் தடுமாறிய இடங்களையும் நாங்கள் தடுமாறிய இடங்களையும் வைத்துத்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவருமாக ஒரே தாளுக்கு முன்னால் உட்கார்ந்து 'அன்புள்ள' என்று தொடங்கிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். எழுதத் தெரியாமல் இல்லை, வரிசை மாறிப்போனதுதான் காரணம். துக்கம் உள்ள வருஷத்தில் வரிசை இன்னும் முக்கியம்.

1. கெடுவைப் பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கடிதம் போய்ச் சேர நல்ல நேரம் அரையாண்டு விடுமுறை. பேரன் பேத்திகள் பாட்டி வீட்டில் இருப்பார்கள். கண் சரியாகத் தெரியாத அப்புச்சிக்கும் அம்மிச்சிக்கும் வாசித்துக் காட்ட ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்கும். ஜனவரி பிறந்து ஒரு வாரம் போனால் வெள்ளையடிப்பு, ஒட்டடை அடிப்பு, காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் என்று வீடு மும்முரமாகிவிடும். அப்போது வரும் கடிதத்தை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

துக்க வருஷத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருஷம் நாம் நோம்பி கொண்டாடுவதில்லை, வாழ்த்தும் சொல்வதில்லை. கடிதம் பொங்கலை ஒட்டிப் போனால், வாழ்த்துச் சொல்வதா விடுவதா என்று வாங்கியவர் சங்கடப்படுவார். டிசம்பரிலேயே போய்விட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

ஆகவே தபாலில் சேர்க்கும் நாள் டிசம்பர் 20. தொடங்கும் நாள் டிசம்பர் 1. நடுவில் இருக்கும் நாட்களில் பாதி, எழுதியதைத் தொடாமல் வைத்திருப்பதற்கு.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர், மொய் நோட்டு, இரண்டு பேருடைய செல்போன், பஸ் ரயில் டிக்கெட் இருந்தால் அவை, விலாச நோட்டு. இவ்வளவுதான்.

காலண்டர் எதற்கு என்றால், ஞாபகத்தை மட்டும் நம்பினால் ஐப்பசிக்குப் பிறகு நடந்தவை மட்டும்தான் வரும். தை, மாசி முழுதும் காணாமல் போகும். பால் கணக்கும் சிலிண்டர் வந்த நாளும் குறித்த அதே கட்டத்தில் 'டாக்டர் 11 மணி' என்று கிறுக்கியிருப்போம். அந்தக் கிறுக்கலைப் பார்த்ததும் அந்த நாளே திரும்ப வரும்.

மொய் நோட்டைச் சிலர் எடுக்க மறந்துவிடுகிறார்கள். அந்த வருஷம் எந்தெந்த வீட்டு விசேஷத்துக்குப் போனோம், யாரைப் பார்த்தோம் என்பதற்கு அதைவிடச் சரியான கணக்கு வேறு எங்கும் இல்லை. செல்போன் படங்களைத் தேதி வரிசையில் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், பார்த்தால் போதும்.

3. என்ன எழுதுவது என்பதற்கு முன், யாருக்கு என்று எழுதுங்கள்

விலாச நோட்டை விரித்துப் பெயர்களைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், செய்தி தெரிந்தும் வர முடியாதவர்கள், செய்தியே தெரியாதவர்கள்.

மூன்றாவது அடையாளம் உள்ளவர்களுக்கு முதலில் போன் செய்ய வேண்டும். இதைத் தள்ளிப் போடவே கூடாது. ஒரு தம்பதி இதைச் செய்யாமல் விட்டார்கள். அவர்களுடைய பெரியம்மாவோடு சின்ன வயசில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன ஒருவர் மும்பையில் இருந்தார். தன் சிநேகிதி போய்ச் சேர்ந்ததை இந்தக் கடிதத்தின் நான்காவது வரியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார், வீட்டில் தனியாக இருந்தபோது. எழவுச் சேதியை ஆள் விட்டுச் சொல்லும் ஊர் நம்முடையது. போனிலாவது ஒரு குரல் வேண்டும். கடிதம் அதற்குப் பிறகுதான்.

இங்கேயே இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். நம் கடிதம் அதுபோல இருந்துவிடக் கூடாது. கறுப்புக் கட்டம் வேண்டாம், மாலை போட்ட படம் வேண்டாம். எடுத்து வைத்து இரண்டாம் முறை படிக்க வேண்டிய கடிதம் இது.

4. தனித்தனியாக உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்

ஆளுக்கு ஒரு தாள். மாதத்துக்கு இரண்டு விஷயம். வாக்கியமாக எழுத வேண்டாம், இரண்டு மூன்று வார்த்தை போதும். ஒருவர் திண்ணையில், ஒருவர் சமையலறையில். எழுதியதை இரண்டு நாள் காட்டிக்கொள்ளாதீர்கள்.

சேர்ந்து உட்கார்ந்தால் வேகமாகப் பேசுகிறவருடைய வருஷம்தான் தாளில் ஏறும். மற்றவர் 'ஆமா, ஆமா' என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார். எங்கள் வீட்டில் வேகமாகப் பேசுகிறவள் நான். முதல் இரண்டு வருஷக் கடிதங்களை இப்போது எடுத்துப் படித்தால் அவர் அதில் இல்லவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

போன வருஷம் ஆவணியில் என் மாமியார் தவறினார். அந்த மாதத்துக்கு நேரே வீட்டுக்காரர் பட்டியலில் இருந்தது: 'அம்மா. காலை 5.40.' என் பட்டியலில் இருந்தது: 'டிவி சத்தம்.' ஒரே வீட்டில் ஒரே சாவு. இரண்டு பேருக்கும் அது தங்கிப்போன இடம் வேறு வேறு. இரண்டும் கடிதத்தில் வந்தால்தான் அது இருவர் எழுதிய கடிதம்.

மூன்றாம் நாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவரும் எழுதியதற்கு வட்டம். ஒருவர் மட்டும் எழுதியதற்கு அடிக்கோடு. அடிக்கோடு விழுந்தவற்றை 'இது எதுக்கு?' என்று கேட்காதீர்கள். 'இதைச் சொல்லு' என்று கேளுங்கள்.

5. துக்கத்தை முதலில் எழுதி முடியுங்கள்

கடிதத்தில் அது இரண்டாவது பத்தியாக வரும். ஆனால் எழுதும்போது முதலில் எழுத வேண்டியது அதுதான். பயணத்தையும் பிள்ளைகளையும் முதலில் எழுதியவர்கள் எல்லோரும் குதூகலமான ஒரு குரலைப் பிடித்துவிட்டு, துக்கத்துக்கு வரும்போது அந்தக் குரலை இறக்க முடியாமல் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். துக்கத்தின் பத்தி முடிந்துவிட்டால், மற்றதெல்லாம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பத்து வரி. அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பத்து வரியில் முதல் மூன்று வரி நடந்ததைச் சொல்ல: எப்போது, எங்கே, பக்கத்தில் யார். தூரத்தில் இருக்கும் உறவு மனதுக்குள் கேட்கும் கேள்விகள் இவைதான். எங்கள் கடிதத்தில் மாமியாரைப் பற்றி இப்படி எழுதினோம்: 'ஆத்தா ஆவணி மாதம் ஒரு விடிகாலையில், நம் வீட்டில், தன் கட்டிலிலேயே தவறினார். நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். கடைசி நான்கு மாதம் நடமாட்டம் குறைந்திருந்தது. வலி என்று சொல்லவில்லை.'

'தவறினார்' என்பது நாம் வாயால் சொல்லும் வார்த்தை. 'காலமானார்' என்றும் எழுதலாம். 'இறைவனடி சேர்ந்தார்', 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' போன்றவை பஸ் ஸ்டாண்டில் கட்டும் ஃப்ளெக்ஸில் தினமும் படிக்கிறவை. கண் அவற்றின் மேல் நிற்காமல் ஓடிவிடும். நம் வீட்டு மனுஷிக்கு நம் வீட்டு வார்த்தை போதும்.

ஆஸ்பத்திரி விவரம் ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. தாராபுரத்துத் தம்பதி ஒருவர் அரைப் பக்கத்துக்குச் சர்க்கரை அளவு, இரண்டு ஆஸ்பத்திரி, எந்த ஊசிக்குப் பிறகு மயக்கம் என்று எழுதியிருந்தார்கள். படித்த ஒவ்வொருவரும் 'அப்போ யார் மேல தப்பு?' என்று போன் செய்து கேட்டார்கள். போனவரைப் பற்றிப் பேச யாரும் கூப்பிடவில்லை.

யார் தாமதமாக வந்தார், கோடி போட யார் வரவில்லை என்பதெல்லாம் ஒரு எழுத்துக்கூட வரக் கூடாது. பேச்சில் சொன்னது மறையும். தாளில் எழுதியது இருபது வருஷம் கழித்தும் யாராவது ஒரு பீரோவில் இருக்கும்.

அடுத்த நான்கு வரி, நீங்கள் மட்டும் பார்த்த ஒரு காட்சிக்கு. ஒன்றே ஒன்று. 'ரொம்ப நல்லவர், எல்லோருக்கும் உதவியவர்' என்பது உறவுக்கு ஏற்கெனவே தெரியும். எங்களுடைய நான்கு வரி இது: 'கருமாதி முடிந்து மூன்றாம் நாள்தான் டிவியைப் போட்டோம். ஆத்தாவுக்குக் காது மந்தம் என்பதால் சத்தம் 48-இல் இருந்தது. வீடே அதிர்ந்தது. வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குறைக்காமல் நின்றார், செய்தி முடியும் வரைக்கும்.'

இதை எழுதியவள் நான். அவருக்கு இது கடிதத்தில் வருவதில் முதலில் இஷ்டம் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், போனவருக்கு யார் நெருக்கமோ அவருக்குத்தான் கடைசி வார்த்தை. அவர் அம்மா, அவர் முடிவு. மூன்று நாள் கழித்து, 'இருக்கட்டும்' என்றார். அந்தத் தாளில் அவர் அடித்திருந்தது ஒரே ஒரு வார்த்தை, 'கண்கலங்கி' என்று நான் எழுதியிருந்ததை. அது இல்லாமலே வரி நன்றாக இருந்தது.

மீதி மூன்று வரி நன்றிக்கு. இங்கேதான் புதிதாக எழுதுகிறவர்கள் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். பதினைந்து பேரைப் பெயர் சொல்லி, பதினாறாவது பேரை விட்டுவிடுவார்கள். பெயரைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள்: பந்தல் போட்டவர்கள், மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தவர்கள், பவானி கூடுதுறைக்கு அஸ்தி கரைக்கக் கூட வந்தவர்கள். செய்தவருக்குத் தன் வேலை தெரியும். படிக்கும்போது தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்.

சொல்ல முடியாத துக்கமும் உண்டு. பெருந்துறையில் ஒரு சின்னஞ்சிறு ஜோடி, கல்யாணமாகி இரண்டாவது வருஷம், கர்ப்பம் கலைந்துவிட்டது. எழுதுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார்கள். அந்தப் பெண் சொல்வதுதான் முடிவு, மாப்பிள்ளை சொல்வதும் இல்லை, நான் சொல்வதும் இல்லை என்றேன். கடைசியில் அவள் எழுதியது இரண்டு வரி: 'இந்த வருஷம் எங்களுக்கு ஒரு துக்கம் வந்தது. அதைப் பற்றிப் பேச இன்னும் முடியவில்லை, கேட்காமல் இருந்தால் எங்களுக்கு உதவி.' அடுத்து வந்த விசேஷ வீடுகளில் அவளை ஓரமாகக் கூப்பிட்டு 'ஏதாச்சும் விசேஷம் உண்டா கண்ணு' என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அந்த இரண்டு வரி செய்த வேலை அது.

ஒன்று சேர்க்க வேண்டும். இழப்பு என்றால் சாவு மட்டும் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் வேர்வாடல் நோய் வந்து காய்க்கும் மரங்களை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் காங்கேயம் மாட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள். அவையும் எழுத வேண்டியவைதான். ஆனால் மனுஷச் சாவு சொன்ன பத்தியில் அவற்றைச் சேர்க்காதீர்கள். வேறு பத்தியில், குடும்பச் செய்தியோடு வரட்டும்.

6. நாம், நாங்கள், நான்: இதைச் சரி பார்க்காமல் மேலே போகாதீர்கள்

'நாம்' என்றால் படிப்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. பேசும்போது நாம் யாரும் இதில் தப்புச் செய்வதில்லை. எழுதும்போது செய்துவிடுகிறோம்.

எங்கள் முதல் நகலில் 'எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய்விட்டார்' என்று இருந்தது. அந்தக் கடிதம் நங்கைக்கும், அதாவது அவருடைய அக்காவுக்கும் போகிறது. அந்த அம்மா அவளுக்கும் அம்மா. 'எங்கள் அம்மா' என்று தம்பி வீட்டிலிருந்து போனால் அவள் எப்படிப் படிப்பாள்? நல்லவேளை, வாசித்துப் பார்க்கும்போது அவரே பிடித்துவிட்டார்.

துக்கத்தின் பத்தியில் 'நம்', 'நாம்'. பயணத்திலும் வீட்டுச் செய்தியிலும் 'நாங்கள்'. இருவருக்கும் வேறு வேறாகத் தோன்றிய இடத்தில் 'நான்'. அந்த 'நான்' யார் என்று குழம்பாமல் இருக்க, 'மகனாக எனக்கு', 'மருமகளாக எனக்கு' என்று தொடங்கினால் போதும். அடைப்புக்குறிக்குள் பெயர் போட வேண்டாம், அது பதிவேடு போலாகிவிடும்.

முறைப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். போனவர் அவருக்கு அம்மா, எனக்கு அத்தை, எங்கள் பிள்ளைகளுக்கு ஆத்தா, நங்கையின் பிள்ளைகளுக்கு அம்மிச்சி, இன்னும் சிலருக்குப் பெரியம்மா. ஒரு கடிதத்தில் ஐந்து பெயரும் மாறி மாறி வந்தால் இரண்டு பேர் தவறியதாகக்கூட நினைத்துவிடுவார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே எழுதுங்கள். எங்கள் காட்டு வேலைக்கு வருகிறவர்கள்கூட ஆத்தா என்றே கூப்பிட்டதால் அதை எடுத்துக்கொண்டோம்.

பொதுக் கடிதத்தில் எல்லோரும் 'நீங்கள்'தான். பத்து வயதுப் பேத்தி படித்தாலும் 'நீங்கள்'. 'நீ', 'கண்ணு', 'சாமி' எல்லாம் கையால் எழுதும் வரிகளுக்கு.

7. பயணம்: ஐந்து ஊர் போயிருந்தாலும் ஒரே ஊர்

பயணப் பத்தியைப் புதியவர்கள் ஊர்ப் பட்டியலாக எழுதிவிடுகிறார்கள். 'பழநி, கொடைக்கானல், ராமேஸ்வரம் சென்று வந்தோம், மிகவும் சிறப்பாக இருந்தது.' படிப்பவருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒன்று என்று தெரியாவிட்டால், ஊருக்குத் திரும்பியதும் முதலில் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று யோசியுங்கள்.

துக்க வருஷத்தில் பயணத்தை எழுதவே சிலர் கூச்சப்படுகிறார்கள். சாவு நடந்த வீட்டில் ஊர் சுற்றப் போனார்கள் என்று சொல்வார்களோ என்று பயம். போன காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு வராது. காரணம் சொல்லாமல் படத்தை மட்டும் ஸ்டேட்டஸில் போட்டால்தான் வரும்.

ஆத்தாவுக்கு மலை ரயிலில் ஊட்டிக்குப் போக ரொம்ப நாள் ஆசை. ஆடியிலேயே மூன்று பேருக்கு முன்பதிவு செய்திருந்தோம். அவர் போன பிறகு அந்த டிக்கெட்டை ரத்து செய்ய இவருக்கு மனசு வரவில்லை. இரண்டு பேராகப் போனோம். இதை எழுத உட்கார்ந்தபோது நான் முதலில் எழுதியது என்ன தெரியுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம், 208 வளைவு, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும், இஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் கோயம்புத்தூர், ஈரோட்டுக்காரர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டுமா? அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

பிறகு எழுதியது இதுதான்: 'கல்லாறு வரும்போது பக்கத்து வரிசைப் பெண் ஒருவர், ஜன்னலோரம் காலியாக இருந்த ஆத்தாவின் இடத்தில் தன் குழந்தையை உட்கார வைக்கலாமா என்று கேட்டார். ஆள் இருக்குதுங்க என்று சொல்லிவிட்டோம். ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றபோது, நாங்களே எழுந்து போய் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.' 'ஆள் இருக்குது' என்று சொன்னதும் அவர்தான், கூப்பிட்டதும் அவர்தான். 'நாங்கள்' என்று எழுதச் சொன்னதும் அவரே.

8. பிள்ளைகளைப் பற்றி: அனுமதி இல்லாமல் ஒரு வரியும் வேண்டாம்

பிள்ளைகளுக்கு இருபது வயதோ நாற்பது வயதோ, அவர்களைப் பற்றிய வரியை அவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். 'அம்மா, இதை எடுத்துரு' என்றால் எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம்.

சம்பளம், மார்க், வாங்கிய இடத்தின் விலை மூன்றும் வேண்டாம். அதே வருஷம் வேலை போன பையன் அந்த உறவிலேயே ஒரு வீட்டில் இருப்பான். கல்யாணப் பேச்சும் வேண்டாம். 'ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு வரி எழுதினால் தை மாதம் முழுக்க அந்தப் பெண்ணுக்குப் போன் வரும்.

அப்போ என்னதான் எழுதுவது? அவர்கள் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். எங்கள் சின்னவன் பெங்களூரிலிருந்து வந்து பதினாறு நாளும் இருந்து, ஆத்தா செய்வது போலவே அரிசிம்பருப்புச் சாதம் செய்து எல்லோருக்கும் போட்டான். அந்த வரிக்கு அவன் ஒரு திருத்தம் மட்டும் சொன்னான்: 'முதல் நாள் உப்பு அதிகம் ஆயிருச்சு, அதையும் போடுங்க.'

9. கோர்க்கும் வரிசை

முதல் பத்தி நான்கு வரி. எங்கே உட்கார்ந்து எழுதுகிறோம், வெளியே என்ன காலம், வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மஞ்சள் எந்த நிலையில் இருக்கிறது. படிப்பவரைத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது போல. செய்தியை அதற்கு அப்புறம்தான் சொல்வோம், இல்லையா?

இரண்டாவது பத்தி துக்கம். அதற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். செய்தி தெரிந்தவர், அது எப்போது வரும் என்று காத்துக்கொண்டே மற்றதைப் படிப்பார், எதுவும் மனதில் பதியாது. கடைசிக்கும் கொண்டு போகாதீர்கள். கடிதத்தை மடிக்கும்போது கையில் அது மட்டும் மிஞ்சும்.

பிறகு பயணம், பிறகு பிள்ளைகள், பிறகு தோட்டம் மாடு மரம். கடைசியில் ஒரு கேள்வி. 'எல்லோரும் நலமா' என்பதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாது, அதற்கு யாரும் பதில் எழுதுவதில்லை. 'ஆத்தாவைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒன்றை எழுதி அனுப்புவீர்களா?' என்று கேட்டோம். பதில் வந்தது.

துக்கத்துக்கும் பயணத்துக்கும் நடுவில் 'ஆனாலும் வாழ்க்கை நகர்கிறது' என்பது போல ஒரு பாலம் கட்டத் தோன்றும். கட்ட வேண்டாம். ஒரு வரி இடைவெளி விட்டு, 'புரட்டாசியில்' என்று தொடங்குங்கள்.

10. ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்க

மூன்று நாள் கழித்து, எழுதாதவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் வாசித்தால் தாளில் இல்லாததையும் சேர்த்து வாசித்துவிடுவார்.

குரல் தடுக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். தடுக்கக் காரணம் இரண்டு. வாக்கியம் நீளம் என்றால் இரண்டாக உடையுங்கள். மனசு அடைக்கிறது என்றால் அந்த வரியைத் தொடாதீர்கள். எது எது என்று வாசித்தவருக்குத் தெரியும்.

11. அச்சு, கவர், தபால்

கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுப்பதானால் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். செல்போனில் அடித்ததை அப்படியே கொடுத்தால், அங்கே பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவர்கள் திறக்கும்போது எழுத்து உடைந்துவிடும். எழுத்து அளவு 14. வயதானவர்களுக்கு அதற்குக் குறைந்தால் சிரமம்.

சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். தபால் கவர் 20 கிராம் வரை 5 ரூபாய். இரண்டு தாள், கவர், எழுபது வயது தாண்டியவர்களுக்கு நம் விலாசம் எழுதிய வெற்று இன்லேண்ட் லெட்டர் ஒன்று (2.50 ரூபாய்), எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்றாவது தாள் வைத்தால் எடை தாண்டலாம். தாண்டினால் குறைந்த தொகையின் இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் கேட்பார்கள். அந்த நிலைமைக்கு நம் உறவை ஆளாக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புங்கள். குடும்பக் குரூப்பில் போட்டால் அடுத்த நிமிஷமே யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து மேலே வந்து நிற்கும். படிக்க முடியாதவர்களுக்கு ஒருவர் வாசித்துக் குரல் பதிவாக அனுப்பலாம். ஆனால் இரண்டாவது பத்தியை, போனவருக்கு நெருக்கமானவர் வாசிக்கட்டும்.

12. கையால் இரண்டு வரி, இரண்டு கையெழுத்து

அச்சடித்த கடிதத்தின் கீழே ஒவ்வொருவருக்கும் கையால் இரண்டு வரி. அவரவர் பக்கத்து உறவுக்கு அவரவர் எழுதுவதைவிட மாற்றி எழுதுவது நல்லது. என் தம்பிக்கு அவர் எழுதுவார், நங்கைக்கு நான் எழுதுவேன். சொந்த ரத்தத்திலிருந்து வரும் வரியை எதிர்பார்த்திருப்பார்கள். மாமாவிடமிருந்தோ தம்பி மனைவியிடமிருந்தோ வந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் எழுதாதீர்கள். பத்தாவது கவருக்கு மேல் எல்லோருக்கும் ஒரே வரி போய்விடும். நாளுக்கு எட்டு.

கையெழுத்து இருவரும் போட வேண்டும். ஒருவர் இரண்டு பெயரையும் எழுதிவிடுவது வழக்கமாக நடக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

13. பதில்களை எங்கே வைப்பது

ஒரு பிரதி, இரண்டு பேர் போட்ட பட்டியல் தாள்கள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு மேலே வருஷத்தை எழுதி, மொய் நோட்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். போனில் சொன்ன பதிலையும் ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு எழுதிப் போடுங்கள். அடுத்த டிசம்பர் 1-ஆம் தேதி காலண்டரை எடுக்கும் முன்னால் இந்தக் கவரைத்தான் பிரிக்க வேண்டும்.

போன வருஷக் கவரில் பதினொரு பதில் இருக்கிறது. நங்கை இன்லேண்ட் லெட்டரில் மூன்றே வரி எழுதியிருந்தாள்: 'எங்கூட்டுக்கு வந்தா 52 வெப்பாங்க. அதுக்கு எங்கூட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு. அந்த ரிமோட்டை மாத்தாம வெச்சிருங்க.'